23 கமிட்டைப் பிரித்து அடுக்குவது எப்படி?

கேள்வி: ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்கும் வசதியை, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், மூன்று வாரம் ஒரே பிராஞ்சில் (தனிக் கிளையில்) எழுதினேன். மொத்தம் 23 கமிட் (செய்தியோடு சேமித்த மாற்றங்கள்). பாதிக்கு மேல் ‘சரி செய்தது’, ‘மறுபடி சரி செய்தது’, ‘வேலை நடக்கிறது’ என்றுதான் தலைப்பு. நடுவில் அறிக்கைத் தேதி தவறாக வந்த ஒரு பிழையைத் திருத்தினேன், நிரலின் வடிவத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டரை ஓட்டினேன், ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினேன், ஒரு லைப்ரரியின் பதிப்பை உயர்த்தினேன். ஒருமுறை ஏபிஐ சாவி (வெளிச் சேவையை அணுகும் ரகசியக் குறியீடு) இருந்த கோப்பும் சேர்ந்துவிட்டது. அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன். ரிவ்யூ செய்யும் மூத்தவர், ‘இதைப் படிக்க முடியாது, பிரித்து அனுப்புங்கள்’ என்று திருப்பிவிட்டார். எங்கள் குழுவில் மெர்ஜ் செய்யும்போது எல்லாவற்றையும் ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கிவிடுவோம். பிறகு எதற்கு இந்தப் பிரிப்பு? பிரிப்பதென்றால் இப்போது எப்படி? ஒரு கமிட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? செய்தியில் என்ன எழுதுவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஏபிஐ சாவி. போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். அடுத்த கமிட்டில் கோப்பை நீக்கினால் அது அந்த கமிட்டிலிருந்து மட்டுமே போகும். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் திட்டத்தின் முழு நிலையையும் வைத்திருக்கிறது. அதனால் முந்தைய கமிட்டைத் திறக்கும் எவருக்கும் சாவி அப்படியே தெரியும். பிராஞ்சை ஒருமுறையாவது சர்வருக்கு புஷ் செய்திருந்தால் சாவி வெளியே போய்விட்டது என்றே கொண்டு, இன்றே அதை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள். கீழே சொல்லப்போகிறபடி வரலாற்றை மாற்றி எழுதினாலும் பழைய கமிட் சர்வரில் அதன் ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு) வழியாக இன்னும் எட்டக்கூடியதாக இருக்கலாம். உங்கள் பிராஞ்சை ஃபெட்ச் செய்து இறக்கிய ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். பிறகு அந்தக் கோப்பின் பெயரை .கிட்இக்னோரில் சேருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கிட் ஏற்கெனவே கண்காணித்துவரும் கோப்பை .கிட்இக்னோர் தடுக்காது, இனிப் புதிதாகச் சேர்வதை மட்டுமே தடுக்கும்.

இனி உங்கள் கேள்விகள்.

23 கமிட் போட்டதில் தவறே இல்லை. மூன்று வார வேலையில் பாதியில் நிற்பது, தப்பான வழியில் போய்த் திரும்புவது, சாப்பிடப் போகுமுன் அவசரமாகச் சேமிப்பது எல்லாம் இருக்கத்தான் செய்யும். அப்போது போடும் கமிட் உங்களுக்கான சேமிப்புப் புள்ளி; அதன் தலைப்பு எப்படி இருந்தாலும் குற்றமில்லை. ரிவ்யூவுக்கு அனுப்பும் கமிட்டோ பிறர் படிக்கப்போவது. முதலாவதை அப்படியே இரண்டாவதாக அனுப்பியதுதான் பிசகு. சீரான கமிட் வரிசை வைத்திருப்பவர்கள் முதல் முயற்சியிலேயே சீராக எழுதிவிடுவதில்லை. வேலை முடிந்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்து அடுக்குகிறார்கள். கிட்டில் அதற்கான கருவிகள் எல்லாம் இருக்கின்றன.

யாருக்காக அடுக்குகிறோம்? ரிவ்யூ செய்பவருக்கு என்பது வெளிப்படை. அவரைவிட முக்கியமானவர், ஆறு மாதம் கழித்து ஏதோ உடைந்து, எது உடைத்தது என்று தேடப்போகிறவர். அவர் கையில் எடுக்கும் கருவி கிட் பைசெக்ட். நல்ல நிலையில் இருந்த ஒரு கமிட்டையும் கெட்ட நிலையில் உள்ள ஒரு கமிட்டையும் காட்டினால், இடையில் உள்ளதைப் பாதி பாதியாக வெட்டித் தேடும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். கிடைத்த கமிட் 40 வரி என்றால் பிழை கண்ணுக்குத் தெரியும். 1900 வரி என்றால் தேடலே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இடையில் பில்டே ஆகாத கமிட்டுகள் கிடந்தால் இன்னும் மோசம்: அவற்றை ‘கெட்டது’ என்று குறித்தால் பைசெக்ட் தவறான பக்கம் போய்விடும், தாண்டச் சொன்னால் கடைசியில் ‘இந்த ஐந்தில் ஒன்று’ என்று நின்றுவிடும். ரிவர்ட்டும் (ஒரு கமிட்டின் மாற்றத்தைத் திரும்பப் பெறுவது) இப்படித்தான். உங்கள் சிஎஸ்வி வசதி உற்பத்திச் சூழலில் தகராறு செய்து, இரவு 2 மணிக்கு யாரோ அதைத் திரும்பப் பெற்றால், அதே கமிட்டில் இருக்கும் தேதிப் பிழைத் திருத்தமும் கூடவே போகும். பழைய பிழை திரும்பிவரும், ஏன் வந்தது என்று யாருக்கும் புரியாது.

ஸ்குவாஷ் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எப்படியும் ஒன்றாகத்தான் ஆகப்போகிறதென்றால் மெயினில் (குழுவின் பொது பிராஞ்சில்) கமிட்டின் அளவைத் தீர்மானிப்பது புல் ரெக்வெஸ்ட், அதாவது பிராஞ்சை ரிவ்யூ செய்து மெர்ஜ் செய்யச் சொல்லி அனுப்பும் கோரிக்கை. ஆகவே உங்கள் குழுவில் பிரிக்கவேண்டிய இடம் அதுதான். தேதிப் பிழைத் திருத்தம் தனி புல் ரெக்வெஸ்ட், ஃபார்மேட்டரும் பெயர் மாற்றமும் ஆளுக்கொன்று, லைப்ரரி உயர்வு ஒன்று, வசதி ஒன்று. அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் கமிட்டுகளை அடுக்கி வைத்தால் ரிவ்யூ செய்பவர் கமிட் கமிட்டாகப் படிப்பார். மெர்ஜ் ஆனபின் அந்த அடுக்கு மறைந்துபோனாலும் ரிவ்யூவில் அதன் பலனைப் பெற்றிருப்பீர்கள். குழுவில் பேச வாய்ப்பிருந்தால், நன்றாக அடுக்கிய பிராஞ்சுகளை மட்டும் ஸ்குவாஷ் செய்யாமல் ரீபேஸ் மெர்ஜ் (கமிட்டுகளைத் தனித்தனியாகவே மெயின்மேல் ஏற்றுவது) செய்யலாமா என்று கேட்டுப்பாருங்கள். கேட்பதற்கு முன் அப்படி ஒரு பிராஞ்சைச் செய்துகாட்டுங்கள். பேச்சு சுலபமாக முடியும்.

அளவுக்கு வரி எண்ணிக்கையில் கணக்குக் கிடையாது. 3000 வரி மாற்றிய பெயர் மாற்றம் நல்ல கமிட்டாக இருக்கலாம், 12 வரி மாற்றியது மோசமானதாக இருக்கலாம். நான் வைக்கச் சொல்லும் சோதனை இரண்டு. இதை மட்டும் ரிவர்ட் செய்தால் மீதி திட்டம் ஒழுங்காக நிற்குமா, போனது ஒரே ஒரு விஷயமாக இருக்குமா? தலைப்பை ‘மற்றும்’ போடாமல் எழுத முடிகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அளவு சரி. அளவுக்கு மீறிப் பொடிப்பொடியாக நறுக்குவதும் தவறுதான். யாரும் அழைக்காத ஒரு ஃபங்ஷனை ஒரு கமிட்டில் வைத்து, அதை அழைக்கும் இடத்தை அடுத்ததில் வைத்தால், முதலாவது சரியா என்று ரிவ்யூ செய்பவரால் சொல்லவே முடியாது. டெஸ்ட்டைத் தனி கமிட்டாகப் பிரிக்காதீர்கள். எந்த மாற்றத்தைச் சோதிக்கிறதோ அதோடு இருக்கட்டும்.

இப்போது உங்கள் பிராஞ்சைப் பிரிக்கும் வழி. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். 23 கமிட்டையும் இன்டராக்டிவ் ரீபேஸில் வரிசை மாற்றிச் சேர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே வரியை நாலு முறை மாற்றியிருப்பீர்கள். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றும் மோதும். ஆரம்பம் எது, முடிவு எது என்பது மட்டும் போதும். நடுவில் நடந்ததை மறந்துவிடலாம்.

முதலில் கிட் ஸ்டேட்டஸ் போட்டு, கமிட் ஆகாத எதுவும் மீதமில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு:

கிட் ஃபெட்ச் ஆரிஜின்
கிட் பிராஞ்ச் பழையது
கிட் மெர்ஜ்-பேஸ் ஆரிஜின்/மெயின் ஹெட்

ஆரிஜின் என்பது சர்வரில் உள்ள பிரதி, ஹெட் என்பது நீங்கள் இப்போது நிற்கும் கமிட். இரண்டாவது வரி உங்கள் பாதுகாப்பு. ‘பழையது’ என்ற பெயர் இருக்கும்வரை எதுவும் தொலையாது. மூன்றாவது வரி ஒரு ஹாஷைத் தரும்: உங்கள் பிராஞ்சும் மெயினும் கடைசியாகப் பிரிந்த இடம். அதை அடி என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அடிக்குப் பதிலாக நேராக மெயினின் இன்றைய நுனியை எடுத்துவிட்டால், நீங்கள் பிரிந்தபின் மற்றவர்கள் மெயினில் சேர்த்ததெல்லாம் உங்கள் டிஃப்பில் (இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டில்) ‘நீக்கப்பட்டது’ என்று வந்து நிற்கும். கவனிக்காமல் கமிட் செய்தால் சக ஊழியரின் வேலையை நீங்களே அழித்ததாகிவிடும். நடுவில் மெயினை உங்கள் பிராஞ்சில் மெர்ஜ் செய்திருந்தாலும் கவலை வேண்டாம், கடைசியாக எடுத்த மெயின் கமிட்டையே அந்தக் கட்டளை அடியாகக் காட்டும்.

அடுத்து, கிட் ரீசெட் --ஹார்ட் என்று எழுதிப் பக்கத்தில் அடியின் ஹாஷைக் கொடுங்கள். பிராஞ்ச் ஆரம்பத்துக்குப் போய்விட்டது; உங்கள் மூன்று வார வேலை ‘பழையது’க்குள் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சுத்தமான நிலையில், கருவி செய்த மாற்றங்களைக் கருவியைக் கொண்டே மறுபடி செய்யுங்கள். ஃபார்மேட்டரின் மாற்றங்களைப் பழைய டிஃப்பிலிருந்து வரிவரியாகப் பொறுக்குவது வீண் வேலை. முதலில் எந்தக் கோப்புகளில் ஓட்டினீர்களோ அவற்றில் மட்டும் ஃபார்மேட்டரை ஓட்டி ஒரு கமிட். அடுத்து கிட் எம்வி கொண்டு ஃபோல்டரின் பெயரை மாற்றி, அதனால் உடையும் இம்போர்ட் பாதைகளை மட்டும் திருத்தி இன்னொரு கமிட். பெயர் மாற்றத்தைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட் பெயர் மாற்றத்தை எங்கும் பதிவதில்லை. பழைய கோப்பும் புதிய கோப்பும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கிறது. இயல்பான எல்லை 50 சதவீதம். பெயரையும் மாற்றி உள்ளே பாதிக்கு மேல் திருத்தியும் இருந்தால், ஒரு கோப்பு அழிந்தது, வேறொன்று பிறந்தது என்றே அது கொள்ளும். கிட் லாக் --ஃபாலோ அந்த இடத்தோடு நின்றுவிடும்.

லைப்ரரி பதிப்பை உயர்த்துவதும் அப்படியே: பேக்கேஜ் மேனேஜரின் கட்டளையை மறுபடி இயக்குங்கள். அதன் பட்டியல் கோப்பும் லாக் கோப்பும் (பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பு) ஒரே கமிட்டில் போகவேண்டும். ஒன்று மட்டும் போனால் அந்த கமிட்டை எடுத்து பில்டு செய்பவருக்கு வேறு பதிப்பு இறங்கலாம், அல்லது நிறுவலே நின்றுவிடலாம். புதிய பதிப்பு கேட்கும் நிரல் திருத்தங்கள் இருந்தால் அவையும் இதே கமிட்டுக்குத்தான்.

இனி மீதி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொண்டுவாருங்கள். திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் நின்று:

கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=பழையது .

கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். உங்கள் கோப்புகள் இப்போது வேலை முடிந்த நிலையில் இருக்கும், இன்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைக்கும் இடத்தில்) எதுவும் ஏறியிருக்காது. கிட் டிஃப் போட்டுப் பாருங்கள். ஃபார்மேட்டர் இரைச்சலும் பெயர் மாற்றமும் போய், நீங்கள் யோசித்து எழுதிய வரிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். 1900 வரி டிஃப் பெரும்பாலும் இந்த இடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். புதிதாகப் பிறந்த கோப்புகள் டிஃப்பில் வராது; கிட் ஆட் -என் . (பெரிய என்) என்று சொன்னால், உள்ளடக்கத்தைச் சேர்க்காமல் ‘இப்படி ஒரு கோப்பு வரப்போகிறது’ என்று மட்டும் குறித்துக்கொண்டு அவற்றையும் டிஃப்பில் காட்டும்.

பொறுக்கத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து, வரப்போகும் கமிட்டுகளின் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் மிஞ்சியிருப்பது: தேதிப் பிழைத் திருத்தமும் அதன் டெஸ்ட்டும், அறிக்கைத் தரவை எடுக்கும் பகுதியைத் திரையிலிருந்து பிரித்தது, சிஎஸ்வி எழுதும் பகுதியும் அதன் டெஸ்ட்டும், திரையில் பொத்தானும் அனுமதிச் சோதனையும். நாலு கமிட். இந்த ஐந்து நிமிடத் தாள் வேலையைத் தவிர்ப்பவர்கள் மூன்றாவது கமிட்டில் ‘இது எதில் சேரும்?’ என்று திணறி, மிஞ்சியதையெல்லாம் ‘இதர திருத்தங்கள்’ என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

பொறுக்கும் கருவி கிட் ஆட் --பேட்ச். மாற்றங்களை ஹங்க் ஹங்க்காக (துண்டு துண்டாக)க் காட்டி ஒவ்வொன்றுக்கும் கேட்கும்: ஒய் என்றால் சேர், என் என்றால் வேண்டாம், ஏ என்றால் இந்தக் கோப்பில் இதுவும் மீதியும் சேர், டி என்றால் இதுவும் மீதியும் வேண்டாம், கியூ என்றால் நிறுத்து. ஒரு ஹங்க்கில் இரண்டு விஷயம் கலந்திருந்தால் எஸ் கொடுங்கள், பிரித்துக் காட்டும். மாறாத வரி ஒன்றாவது நடுவில் இருந்தால்தான் எஸ்ஸால் பிரிக்க முடியும். தேதித் திருத்தமும் சிஎஸ்வி வரியும் ஒட்டி ஒட்டி இருந்தால் எஸ் பயன்படாது. புதிய கோப்பு முழுதும் ஒரே ஹங்க்காக வருவதால் அங்கும் அதே கதை.

அங்கே ஈ என்ற எழுத்தைக் கொடுங்கள். எடிட்டர் திறந்து ஹங்க்கை எழுத்தாகக் காட்டும்: கூட்டல் குறியோடு புதிய வரிகள், கழித்தல் குறியோடு பழைய வரிகள், முன்னால் ஓர் இடைவெளியோடு மாறாத வரிகள். இந்த கமிட்டுக்கு வேண்டாத கூட்டல் வரியை முழுதாக அழித்துவிடுங்கள். வேண்டாத கழித்தல் வரியை அழிக்கக்கூடாது. கழித்தல் குறியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஓர் இடைவெளி வையுங்கள். அந்த வரி இந்த கமிட்டிலும் இருக்கப்போகிறது, ஆகவே அது மாறாத வரியாக நிற்கவேண்டும். ‘பேட்ச் பொருந்தவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கழித்தல் வரியை அழித்ததாலோ, எடிட்டர் வரித் தொடக்கத்து இடைவெளியைத் தின்றுவிட்டதாலோ வருபவை. பயப்படாமல் முயன்று பாருங்கள். ஈ மாற்றுவது இன்டெக்ஸை மட்டுமே, வட்டில் உள்ள உங்கள் கோப்பை அது தொடுவதில்லை. தவறாக ஏறிவிட்டால் கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு என்று கோப்பின் பெயரோடு கொடுத்தால் இறங்கிவிடும்.

ஒரு கமிட்டுக்கு வேண்டியது ஏறியபின் கிட் டிஃப் --ஸ்டேஜ்டு போட்டு முழுதும் படியுங்கள். மறந்துவிட்ட பிரிண்ட் வரிகளும் கமென்ட் ஆக்கி வைத்த பழைய துண்டுகளும் இங்கேதான் அகப்படும். பிறகு கிட் கமிட் -வி. செய்தி எழுதும் எடிட்டரின் அடியிலேயே டிஃப்பையும் காட்டும், பார்த்துக்கொண்டே எழுதலாம்.

நாலும் முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு:

கிட் டிஃப் பழையது ஹெட்

ஒரு வரிகூட வரக்கூடாது. வெறுமையாக இருந்தால், எத்தனை கமிட்டாகப் பிரித்திருந்தாலும் கடைசி நிலை முன்பிருந்ததேதான். எதுவும் விட்டுப்போகவில்லை, எதுவும் கூடவில்லை. ஏதாவது வந்தால் எதை விட்டீர்கள் என்பதை அதுவே காட்டிவிடும். இதை அடுத்த படிக்கு முன்னால் செய்யவேண்டும், பின்னால் செய்தால் மெயினின் மாற்றங்களும் கலந்து காட்டும்.

கடைசி நிலை சரி என்பதால் நடுநிலைகளும் சரி என்றாகாது. இரண்டாவது கமிட்டில் அழைக்கும் ஃபங்ஷன் நாலாவதில்தான் பிறக்கிறது என்ற மாதிரித் தவறு கண்ணுக்குத் தெரியாது. கிட் ரீபேஸ் --எக்ஸெக் என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் உங்கள் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்து, அதன்பின் ஆரிஜின்/மெயின் என்று முடியுங்கள். கமிட்டுகளை ஒவ்வொன்றாக இன்றைய மெயின்மேல் ஏற்றி, ஒவ்வொன்றுக்குப் பின்னும் டெஸ்ட்டை ஓட்டும். தோற்ற இடத்தில் நிற்கும். அங்கேயே திருத்தி, கிட் கமிட் --அமெண்ட் செய்து, டெஸ்ட்டை நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் கிட் ரீபேஸ் --கண்டினியூ கொடுங்கள். ‘நீங்களே’ என்று அழுத்துவதற்குக் காரணம், தோற்ற கட்டளையை கிட் இயல்பாகத் திரும்ப ஓட்டாது, அடுத்ததற்குப் போய்விடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. 23 கமிட்டில் சக ஊழியருடையது ஏதாவது இருந்திருந்தால், புதிதாக உருவான கமிட்டுகளில் ஆசிரியராக உங்கள் பெயரே நிற்கும். அவர் எழுதிய பகுதிக்கான கமிட் செய்தியின் கடைசிப் பத்தியில் ‘கோ-ஆதர்டு-பை’ வரியில் அவர் பெயரைப் போடுங்கள். அவர் உழைப்பு பதிவில் இல்லாமல் போகக்கூடாது.

தனித்தனி புல் ரெக்வெஸ்ட்டாக அனுப்பும்போது ஸ்குவாஷ் ஒரு சிக்கல் தரும். முதல் பிராஞ்சில் மூன்று கமிட் இருந்து அவை ஒன்றாகச் சுருங்கி மெயினில் சேர்ந்துவிட்டால், அதன்மேல் கட்டிய இரண்டாவது பிராஞ்சை ரீபேஸ் செய்கையில் அந்த மூன்றும் மெயினில் இருப்பதை கிட் அறியாது. மறுபடி ஏற்றப் பார்த்து மோதும். கிட் ரீபேஸ் --ஆன்டு ஆரிஜின்/மெயின் என்று கொடுத்து, பக்கத்தில் முதல் பிராஞ்சின் கடைசி கமிட் ஹாஷைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வந்ததை மட்டும் எடுத்து வைக்கும். ஒரே கமிட் உள்ள பிராஞ்சில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. மாற்றம் அச்சாக ஒன்றாக இருந்தால் கிட் அடையாளம் கண்டு தாண்டிவிடும். தேதிப் பிழைத் திருத்தத்தை முதலில், ஒற்றை கமிட்டாக அனுப்புங்கள் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். மெயினிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுத்து அந்த கமிட்டை மட்டும் செர்ரி-பிக் செய்தால் போதும்.

செய்திக்கு வருவோம். முதல் வரி தலைப்பு. 50 எழுத்துக்குள் முடிந்தால் நல்லது, 72-ஐத் தாண்டவேண்டாம். இரண்டாவது வரி கட்டாயம் வெற்று வரி. கிட் முதல் வெற்று வரி வரையில் உள்ளதைத்தான் தலைப்பு என்று கொள்கிறது. அது இல்லாவிட்டால் கிட் லாக் --ஒன்லைன் பட்டியலில் உங்கள் பத்தி முழுதும் தலைப்போடு ஒட்டிக்கொண்டு நீளும். உடல் வரிகளை 72-இல் மடியுங்கள். கிட் லாக் இடப்பக்கம் நாலு இடம் விட்டுக் காட்டுவதால் 80 எழுத்து அகலத் திரையில் அதுதான் ஒழுங்காக அமையும். வினை ஏவலில் இருக்கட்டும்: ‘கணக்கிட்டேன்’ வேண்டாம், ‘கணக்கிடு’. கிட் தானே எழுதும் மெர்ஜ், ரிவர்ட் செய்திகளும் ஏவலில்தான் இருக்கின்றன.

‘சரி செய்தது’ என்ற உங்கள் கமிட் இப்படி மாறலாம். உங்கள் குழு எந்த மொழியில் எழுதுகிறதோ அதில் எழுதுங்கள். அமைப்பைப் பார்ப்பதற்காக, உங்கள் பிழை நேர மண்டலத்தால் வந்தது என்று வைத்துக்கொண்டு தமிழில் தருகிறேன் (யுடிசி என்பது உலகப் பொது நேரம்).

அறிக்கை நாளைப் பயனர் நேர மண்டலத்தில் கணக்கிடு

நள்ளிரவு தாண்டிப் பதிவான வரிகள் முந்தைய நாள்
அறிக்கையில் விழுந்தன. நாள் எல்லையை யுடிசி நேரத்தில்
வெட்டியதே காரணம். யுடிசிக்கு முன்னால் உள்ள
மண்டலங்களில் மட்டும் இப்படித் தெரியும்.

எல்லையைப் பயனர் அமைப்பில் உள்ள மண்டலத்தைக் கொண்டு
கணக்கிடுகிறோம். தரவுத்தளத்தில் யுடிசி நேரமே தொடரும்;
அதை மாற்றினால் பழைய வரிகள் அனைத்தையும் திருத்த வேண்டும்.

முன்பே அனுப்பிய அறிக்கைகள் மாறாது.

எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்று இதில் ஒரு சொல்லும் இல்லை; அது டிஃப்பில் இருக்கிறது. டிஃப்பில் இல்லாததுதான் செய்தியில் வரவேண்டும்: என்ன அறிகுறி தெரிந்தது, எதனால் வந்தது, வேறு எந்த வழியை யோசித்துக் கைவிட்டீர்கள், எது மாறாமல் இருக்கிறது. கைவிட்ட வழியைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. பிற்காலத்தில் ‘இதை ஏன் தரவுத்தளத்திலேயே செய்யவில்லை?’ என்று நினைப்பவருக்கு மிச்சமாகும் நேரமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஃபார்மேட்டர் கமிட்டுக்கு இவ்வளவு வேண்டாம். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை என்று ஒரு வரி போதும். அது மெயினில் சேர்ந்தபின் கிடைக்கும் ஹாஷை ஒரு கோப்பில் எழுதி, கிட் அமைப்பில் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற இடத்தில் அந்தக் கோப்பைக் காட்டினால், கிட் பிளேம் அந்த கமிட்டைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும். 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

டிக்கெட் எண் எழுதும்போது கவனிக்க ஒன்று. எடிட்டரில் எழுதும் செய்தியில் # குறியோடு தொடங்கும் வரியை கிட் குறிப்பு என்று கருதி நீக்கிவிடும். ‘#412 தொடர்பானது’ என்று வரியைத் தொடங்கினால் அந்த வரியே காணாமல் போகும். ‘தொடர்பு: #412’ என்று எழுதினால் தங்கும்.

அடுத்த வேலையிலிருந்து இவ்வளவு பாடு தேவைப்படாது. ஒரு கமிட் போட்டபின் அதிலேயே திருத்தம் தோன்றினால் ‘மறுபடி சரி செய்தது’ என்று போடாமல், கிட் கமிட் --ஃபிக்ஸ்அப்= என்று எழுதி எந்த கமிட்டுக்கான திருத்தமோ அதன் ஹாஷைக் கொடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் இப்படிப் போட்டுக்கொண்டே போகலாம். இறுதியில் கிட் ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் ஒவ்வொரு திருத்தத்தையும் அதற்குரிய கமிட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கும். சேமித்து மூடினால் ஒன்றாகிவிடும். அந்தப் பட்டியலில் பழைய கமிட் மேலே இருக்கும், கிட் லாக் காட்டுவதற்கு நேர் தலைகீழ். ரிவ்யூ நடக்கும்போதும் இதே வழிதான்: கருத்துகளுக்கான திருத்தங்களை ஃபிக்ஸ்அப்பாக மட்டும் சேருங்கள், ஒப்புதல் வந்தபின் சுருக்குங்கள். நடுவில் வரலாற்றை மாற்றி எழுதினால், தான் எதைப் படித்தோம், எது புதியது என்று ரிவ்யூ செய்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

மாற்றி எழுதிய பிராஞ்சை அனுப்ப ஃபோர்ஸ் புஷ் வேண்டும். வெறும் --ஃபோர்ஸ் போடாமல் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபின் வேறு யாராவது அந்த பிராஞ்சில் ஏதாவது சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும். சில எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும். அப்போது ‘பார்த்துவிட்டீர்கள்’ என்று கிட் நம்பிவிடுவதால் இந்தப் பாதுகாப்பு பலிக்காது. உங்கள் எடிட்டர் அப்படிப்பட்டதென்றால் --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 2.30 பதிப்பிலிருந்து இருக்கிறது. மெயினில் எந்தக் காலத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

‘பழையது’ பிராஞ்சுக்குள் அந்தச் சாவி இருந்த கமிட் இன்னும் இருக்கிறது. ஆகவே அதை எங்கும் புஷ் செய்யவேண்டாம். எல்லாம் மெர்ஜ் ஆகி உற்பத்திச் சூழலில் ஓடத் தொடங்கியதும் அழித்துவிடுங்கள். கிட் பிராஞ்ச் கட்டளையில் சிறிய டி போட்டால், இன்னும் மெர்ஜ் ஆகவில்லை என்று மறுக்கும். அதன் கமிட்டுகள் அதே வடிவில் மெயினுக்குப் போகவில்லை என்பதால் அப்படித்தான் சொல்லும். பெரிய டி போடுங்கள்.